முசியேவின் புறங்கை

நான் வேலை கேட்டுப் போன அன்றைக்கு அவர் என் பெயரைக் கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். தன் புறங்கையை என் உள்ளங்கையில் வைத்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்க்கெட்ல மூட்ட தூக்குனேன்னு சொன்ன?"

"ஆமாங்க. பெரிய மார்க்கெட்டுல. அதுக்கு முன்னால தேங்காய்த்திட்டுல ஐஸ் உடைச்சன்."

"ஐஸ் உடைச்சது நெஜம். கை இன்னும் சில்லுனு இருக்குது. மூட்ட தூக்குனது எனக்குத் தெரியல. பாப்போம்."

பாப்போம் என்றவர் பார்த்து முடித்தாரா என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

எல்லாரும் அவரை முசியே என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சொல்தா. நல்ல பென்ஷன் வந்தது. வேலை பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. இருந்தும் தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, எங்கள் பியூரோவின் வாசலில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாவி அவரிடம். வருகிறவர்களை உள்ளே விடுவதும் விடாததும் அவர் பாடு. பியூரோ என்பது பெரிய பேச்சுதான். இரண்டு அறை. அவரைப் போன்ற சொல்தாக்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டிய காகிதங்களை டைப் அடித்துக் கொடுப்போம். முதலாளியை பத்ரோன் என்போம். டைப் அடிப்பது ஜெயமேரி. கூட்டுவது, டீ வாங்குவது, தபாலுக்கு ஓடுவது நான். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். எட்டாவதைப் பாதியில் விட்டவன். மில், மார்க்கெட், லாரி, மீன்துறை என்று எங்கேயும் நிலைக்காமல் வந்து சேர்ந்தவன். இங்கே தலைக்குமேல் கூரை இருந்தது, அதனால் இருந்தேன்.

முசியேவின் புறங்கையைப் பற்றி ஊரில் பலருக்குத் தெரியும். டீ இப்போதுதான் போட்டது என்று கடைக்காரர் சொன்னால் கெட்டிலைத் தொடுவார். பஞ்சர் ஆகி லேட்டாயிடுச்சி என்று நான் சொன்னால் சைக்கிள் டயரைத் தொடுவார். பத்ரோனின் மச்சான் வில்லியனூரிலிருந்து இப்போதான் வந்தேன் என்று ஸ்கூட்டரை நிறுத்தினால், பேசிக்கொண்டே இன்ஜின் பக்கம் கையைக் கொண்டுபோவார். "வாய்க்குத்தான்டா நாக்கு இருக்குது. சூட்டுக்கு நாக்கு கெடையாது," என்பார். இந்தோசீனாவில் காலியான வீடுகளுக்குள் நுழைந்ததும் அடுப்புச் சாம்பலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்களாம். சாம்பல் வெதுவெதுப்பாக இருந்தால் ஆள் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று அர்த்தம். போர் முடிந்து, பட்டாளத்தை விட்டு, கப்பலேறி ஊருக்கு வந்து, பெண்டாட்டியும் செத்தாயிற்று. அவர் கை மட்டும் இன்னும் சாம்பலைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

எங்களிடம் வருகிற காகிதங்களில் முக்கியமானது உயிர்ச் சான்று. இன்னார் இன்னும் உயிரோடு இருக்கிறார், பென்ஷனை நிறுத்த வேண்டாம் என்று எழுதி அனுப்புவது. ஒருமுறை மூலக்குளத்திலிருந்து ஒரு மகன் வந்தான். அப்பா படுத்த படுக்கை, வர முடியாது, டைப் அடித்துக் கொடுங்கள் என்றான்.

"உசுரோட இருக்காருன்னு நீ சொல்ற," என்றார் முசியே. "அவரு சொல்லட்டும்."

என்னையும் அழைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் மூலக்குளம் போனார். வீட்டுக்காரர்களுக்கு முகம் செத்துவிட்டது. கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முசியே போர்வையை விலக்கி, புறங்கையை அவர் கழுத்தில் வைத்தார். அடுத்த கணம் கிழவர் திரும்பி ஓங்கி ஓர் அறை விட்டார்.

"எவன்டா அது?"

"நான்தான்."

"செத்துட்டனான்னு பாக்க வந்தியா?"

"ஆமா."

"பாத்துட்டியா?"

"சூடா இருக்க."

"அப்ப அந்தப் பாட்டில எடு. ரெண்டு பேருக்கும் ஊத்து."

இரண்டு பேரும் ஒரே ரெஜிமெண்டாம். திரும்பி வரும்போது கன்னத்தைத் தடவிக்கொண்டே, "அறை நல்லா சூடு," என்றார் முசியே. அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் நம்பாத விஷயங்களில் முதல் இடம் தூக்கத்துக்கு. தூங்குகிறவனை நம்ப மாட்டார். தூங்கினேன் என்று சொல்கிறவனை இன்னும் நம்ப மாட்டார். புதுச்சேரியில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஷட்டர் இறங்கினால் நாலு மணிக்குத்தான் ஏறும். வெள்ளைக்காரன் பழக்கிவிட்டது. நடுவில் ஊரே கவிழ்ந்து படுத்துவிடும். நாய்கூடத் தெருவைக் கடக்காது. பத்ரோன் வீட்டுக்குப் போய்விடுவார். ஜெயமேரி சைக்கிளில் மூலக்குளம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். நான் பின்னறையில் காகிதக் கட்டுகளின்மேல் விழுந்துவிடுவேன். முசியே மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கி, வாசல் நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மத்தியானம் சோறு தொட மாட்டார். ரொட்டிக்கடையில் வாங்கிய நீள ரொட்டியில் பாதி, ஒரு வாழைப்பழம். "சோத்துல தூக்கத்த வச்சி வடிக்கிறாளுங்க," என்பார். நான் எத்தனையோ தடவை நடுவில் விழித்துத் தண்ணீர் குடிக்க வந்திருக்கிறேன். எப்போதும் அந்த முதுகு நிமிர்ந்தே இருக்கும். நான் அடி வைக்கும் முன்பே, "என்னா?" என்பார்.

இந்த மனிதரிடம்தான் எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது.

பத்ரோனின் மகன் மெட்ராஸில் வாங்கி அனுப்பினான். கூடவே மாட்டிக் கொடுக்க ஒரு பையன் வந்தான். கழுத்தில் டை. மாட்டி, ஓட்டிக் காட்டி, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கறுத்துப்போனது.

"செத்துடுச்சி," என்றார் முசியே. குரலில் கொஞ்சம் திருப்தி இருந்தது.

"இல்ல சார், தூங்குது," என்று பையன் ஒரு கீயைத் தட்டினான். எழுத்துகள் திரும்ப வந்தன. "சும்மா எரிஞ்சிட்டே இருந்தா கண்ணாடியில எழுத்து படிஞ்சி தழும்பா நின்னுடும். அதான் கொஞ்ச நேரம் யாரும் தொடலன்னா தானா தூங்கிடும்."

"யாரு தூங்கச் சொன்னது?"

"நாமதான் சார். எத்தன நிமிஷத்துல தூங்கணும்னு ஒரு நம்பர் குடுத்துருக்கேன். இப்போதைக்கு அஞ்சு. பத்து வேணும்னா பத்து. பூஜ்யம் போட்டா தூங்கவே தூங்காது."

முசியே எழுந்து வந்து பெட்டியின் மண்டையில் புறங்கையை வைத்தார். "தூங்கல," என்றார். "சுடுது. கண்ண மூடிட்டுப் படுத்திருக்குது."

பையன் போகும்போது இன்னொன்றும் சொன்னான். மிஷினை அடிக்கடி அணைத்து அணைத்துப் போடக்கூடாது, காலையில் போட்டால் சாயங்காலம் அணைத்தால் போதும், நடுவில் அதுபாட்டுக்குத் தூங்கட்டும். இது எங்களுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. மத்தியானம் கடைசியாகக் கிளம்புகிறவர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அதுவரை எங்கள் வழக்கம். ஒயர் பழசு, பத்ரோனுக்குத் தீ பயம். புதுச்சேரியில் கடை வைத்திருந்த யாருக்கும் இது பல் விளக்குவது மாதிரி. யோசிக்கவே வேண்டாம், வாசலைத் தாண்டும் முன் கை தானாக மேலே போய்விடும். முதல் வாரம் பத்ரோன் கை போனது, ஜெயமேரி கை போனது, என் கையும் போனது. ஆளாளுக்குக் கத்தி நிறுத்திக்கொண்டோம். பிறகு நான் மெயின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினேன்.

முசியேவுக்கு அந்த நம்பர் பிடித்துவிட்டது. பையனிடம் கேட்டு அதைப் போடுவதை மட்டும் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டரில் வேறு எதையும் தொட மாட்டார். காலையில் வந்ததும் ஒற்றை விரலால் பையன் சொல்லிக்கொடுத்த வார்த்தையை அடித்து, பக்கத்தில் இரண்டு என்று போடுவார்.

"எதுக்கு முசியே ரெண்டு?" என்றாள் ஜெயமேரி. "அஞ்சே இருக்கட்டுமே."

"ரெண்டு நிமிஷம் கை வைக்கலன்னா நீ வேல செய்யலன்னு அர்த்தம்."

"கெழவங்க எழுதுற பிரெஞ்ச நீங்க பாத்திருக்கீங்களா? ஒரு வரி படிக்கவே ரெண்டு நிமிஷம் ஆவுது."

"பாப்போம்."

அதிலிருந்து தினமும் இதே கூத்து. ஜெயமேரி யாருடைய கோழிக்கிறுக்கலையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரை கறுக்கும். வாசலிலிருந்து "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். படிக்கும்போதே இடது சுண்டுவிரலால் ஷிஃப்ட் கீயை அவ்வப்போது அமுக்குவாள். எழுத்து விழாது, திரை விழித்திருக்கும். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் முசியே அவள் பின்னால் வந்து நின்றார்.

"எழுத்து நகரல. வெளிச்சம் மட்டும் இருக்குது. அது எப்படி?"

"அதுக்கு என்மேல பிரியம், முசியே. உங்கமேலதான் இல்ல."

எனக்கு வந்த சிரிப்பை அடக்கினேன். அவர் என்னைத்தான் பார்த்தார், நான் கற்றுக்கொடுத்ததுபோல. கறுத்த திரை கண்ணாடி மாதிரி இருப்பதையும் அவர் கண்டுபிடித்திருந்தார். ஆளில்லாத நேரத்தில் அதன்முன் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். கும்பிடுகிறார்போல என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் அந்தக் கறுப்புக்குள் அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அதற்குப் பிறகு அவர் முதுகுக்குப் பின்னாலும் நான் ஒழுங்காக நடந்துகொண்டேன்.

அவரைப் பற்றி நானும் சந்தேகப்பட ஆரம்பித்தது அப்போதுதான். இவருக்கு ஜெயமேரியை விரட்ட வேண்டும், அதற்கு ஒரு காரணம் தேடுகிறார் என்று தோன்றியது. அவளுக்கோ இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. அப்பாவுக்கு மில் மூடியதிலிருந்து நிலையான வேலை கிடையாது. தம்பி பள்ளிக்கூடத்தில் படிக்கிறான்.

அந்த மார்கழியில் ஒருநாள். தம்பிக்கு முந்தின நாள் மாதா கோயிலில் முதல் தடவையாக நற்கருணை, அதாவது புதுநன்மை, கொடுத்திருந்தார்கள். ஜெயமேரி விருந்துப் பிரியாணியை டிபன் கேரியரில் எங்களுக்குக் கொண்டுவந்திருந்தாள். முசியே அதையும் தொட்டுப் பார்த்தார்.

"நேத்து சோறு."

"காலையில சூடு பண்ணிதான் கொண்டாந்தேன். சாப்புடுங்க முசியே. புதுநன்மைச் சோத்த வேணாம்னு சொல்லாதீங்க."

முதலில் என்னைச் சாப்பிடச் சொன்னார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகு அவரும் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார்.

அன்றைக்குக் காலையிலிருந்து ஜெயமேரி ஒரு கட்டுச் சான்றுகளை அடித்துக்கொண்டிருந்தாள். பத்ரோன் மகன் சாயங்காலப் பஸ்ஸில் அவற்றை மெட்ராஸ் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து பிரான்ஸுக்கு அனுப்ப மறுநாள்தான் கெடு. பன்னிரண்டரைக்கு முசியே சாவியைக் குலுக்கினார்.

"ரெண்டு நிமிஷம் முசியே. பிளாப்பில ஏத்திட்டு வந்துடறேன்."

"நேரத்துக்குமேல உக்காந்தா என்னா வேலன்னு எனக்குத் தெரியணும். கெளம்பு."

அவளுக்கு வாக்குவாதம் பண்ண மனசில்லை. "சரி, தூங்கட்டும். நாலு மணிக்கு எழுப்பிக்கிறேன்," என்று சைக்கிளை எடுத்தாள். நான் காகிதக் கட்டின்மேல் விழுந்தவன்தான்.

நாலு மணிக்குப் பேச்சுச் சத்தம் கேட்டு முன்னறைக்கு வந்தேன். ஜெயமேரி நின்றபடி கீயைத் தட்டிக்கொண்டிருந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி தட்டினாள். பத்ரோன் லைட் சுவிட்சைப் போட்டார். எரியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தோம். மெயின் இறங்கியிருந்தது. சிவப்புத் துணி கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

பிளாப்பியில் ஏற்றாததால் காலையிலிருந்து அடித்தது அத்தனையும் போய்விட்டது என்பது பத்ரோனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது.

"யாரு எறக்குனது?"

"யாரும் உள்ள வர்ல," என்றார் முசியே. "நான் வாசல்லதான் இருந்தேன். அந்தப் பொண்ணுதான் கடைசியா போச்சி. பழக்கத்துல இழுத்துட்டுப் போயிருக்கும்."

"நான் இழுக்கல," என்றாள் ஜெயமேரி.

"பின்ன அதுவா எறங்குச்சா?" என்றார் பத்ரோன். "கெழவங்க காசு நின்னா நாளைக்கு வந்து என் சட்டையப் புடிப்பாங்க. நீ நாளையிலேர்ந்து வர வேணாம்மா. போ."

அவள் அழவில்லை. டிபன் கேரியரை மேஜையில் வைத்தாள். முசியேவைப் பார்த்தாள்.

"முசியே. நான் போனது பன்னண்டரைக்கு. அப்ப எறக்கியிருந்தா இந்நேரம் பெட்டி ஆறியிருக்கும். மார்கழி மாசம். நீங்க தொட்டுப் பாருங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார்.

"உங்க கைய நீங்க நம்புவீங்கல்ல? வையுங்க."

வேறு யாராவது தொட்டிருந்தால் பத்ரோன் கேட்டிருக்கவே மாட்டார். முசியே மெதுவாக வந்தார். பெட்டியின் மண்டையில் புறங்கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. தெருவில் ஒரு ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. ஆறிப்போச்சு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கதை முடிந்தது. பெட்டியை வேறு யாரும் தொடப்போவதில்லை. நான் அவர் வாயையே பார்த்தேன்.

"சுடுது," என்றார்.

"என்னா சொல்றீங்க?" என்றார் பத்ரோன்.

"இப்பதான் அணஞ்சிருக்குது. அரை மணி நேரம் இருக்கும். இந்தப் பொண்ணு இல்ல."

பிறகு அவர் செய்ததை நான் மறக்கவில்லை. என்னைக் கடந்து பின்னறைக்குப் போய் நான் படுத்திருந்த காகிதக் கட்டைத் தொட்டார். என் உடம்புச் சூடு அதில் இருந்தது. வெளியே போய் வாசலில் இருந்த தன் பிரம்பு நாற்காலியைத் தொட்டார். திரும்பி வந்து, ஜெயமேரி இன்னும் உட்காராத, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ரெக்ஸின் நாற்காலியின் மெத்தையில் கையை வைத்தார். அங்கே ரொம்ப நேரம் கை இருந்தது.

"வாசல் நாற்காலி ஆறிக் கெடக்குது," என்றார். "இது சுடுது. நான்தான்."

"விளையாடாதீங்க முசியே," என்றார் பத்ரோன்.

"இங்க உக்காந்தது எனக்குத் தெரியல. எழுந்து போயி எறக்குனதும் தெரியல. ஷட்டரத் தூக்குனது மட்டும்தான் தெரியுது." தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடுத்தவன் கையைப் பார்க்கிறமாதிரி. "சோறு," என்றார். மேஜையில் இருந்த டிபன் கேரியரைப் பார்த்தார்.

மெயினை ஏற்றச் சொன்னார். பெட்டி உயிர் வந்ததும் அவரே ஒற்றை விரலால் அந்த வார்த்தையை அடித்து, பக்கத்தில் பூஜ்யம் போட்டார். "இன்னிக்கு இத தூங்க விடாத," என்று ஜெயமேரியிடம் சொல்லிவிட்டு, சான்றுக் கட்டை எடுத்து நின்றபடியே ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் உரக்கப் படித்தார். அவளுக்கு உற்றுப் பார்க்க வேண்டிய வேலை இல்லாமல்போனது. காது கேட்கக் கேட்க விரல் ஓடியது. நான் பிரிண்டருக்குக் காகிதம் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். பத்ரோன் மகன் கடைசி நிமிஷத்தில் கட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். முசியே சாவியை மேஜைமேல் வைத்தார். நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டார். பத்ரோன் எவ்வளவோ சொல்லியும் மறுநாள் அவர் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார், தூக்கத்திலேயே எழுந்துபோய்ப் பழக்கத்தில் கையை மேலே கொண்டுபோனார். மற்றது, விழித்தபடியேதான் இறக்கினார், அவளை விரட்டத்தான் இறக்கினார், ஆனால் தன் புறங்கைக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை. ஜெயமேரியிடம் கேட்டேன். "தூங்கிட்டாருண்ணா, பாவம்," என்றாள். அவள் அப்படிப்பட்டவள். நான் இரண்டையுமே வைத்துக்கொண்டிருக்கிறேன். யாரிடம் பழகிக் கற்றேன் என்று தெரியும்.

அடுத்த வருஷம், நான் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அவர் பியூரோவுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டைதான். கழுத்துப் பட்டை பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் ஜெயமேரி முன்னால் வந்தார். அவருக்கும் உயிர்ச் சான்று வேண்டும்.

"உக்காருங்க முசியே. உங்களுக்குக் கேக்கணுமா? இதோ அடிச்சிடறேன்."

"ஆளப் பாத்தா போதுமா? தொட்டுப் பாத்துதான் அடிக்கணும்னு சொல்லிருக்கன்ல?"

"உங்கள நம்பறேன்."

"நம்பாத," என்றார். கையை மேஜைமேல் நீட்டி வைத்தார். "தொடு."

ஜெயமேரி என்னைப் பார்த்தாள். இந்தப் பேச்சுக்குள் திரை கறுத்துப்போயிருந்தது. அவள் கீயைத் தொடவில்லை. தன் புறங்கையை அவர் மணிக்கட்டின்மேல் வைத்து, அவர் வைப்பதுபோலவே வைத்தபடி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடுதான்," என்றாள்.

அவர் தலையசைத்தார். அதன்பிறகுதான் அவள் திரையை எழுப்பி அடிக்க ஆரம்பித்தாள்.